வானவில்லை அளந்தால் அழகு குறையுமா? – வாசகர் கேள்வி பதில்

அறிவியலும் கலையும் ஒன்றையொன்று தொடும் இடங்களைப் பற்றிய கேள்விகளை வாசகர்களிடமிருந்து வரவேற்றிருந்தோம். ஒன்றையே வெவ்வேறு சொற்களில் கேட்டவர்களின் கேள்விகளை இணைத்திருக்கிறோம்.

கேள்வி: நான் இலக்கியம் கற்பிப்பவள். வானவில் எப்படித் தோன்றுகிறது என்று படித்த பிறகு அதைப் பற்றி எழுத மாணவர்களுக்குக் கை வருவதில்லை. விளக்கம் வந்ததும் வியப்பு போய்விடுகிறது என்ற குறை உண்மைதானா, ஐயா?

பதில்: இந்தக் குறைக்கு இருநூறு வயது கடந்துவிட்டது. 1817ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று லண்டனில் ஓவியர் பெஞ்சமின் ஹேடன் தம் ஓவியக்கூடத்தில் ஒரு விருந்து அளித்தார். கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் கீட்ஸும், கட்டுரையாளர் சார்லஸ் லாமும் வந்திருந்தனர். ஹேடன் அப்போது தீட்டிக்கொண்டிருந்த பெரிய ஓவியத்தில், கூட்டத்தின் நடுவே நியூட்டனின் முகமும் இருந்ததைக் கண்டு லாம் கேலியாகச் சண்டைக்கு வந்தார். வானவில்லை வெறும் பட்டகத்து நிறங்களாக்கி அதன் கவித்துவம் அனைத்தையும் நியூட்டன் அழித்துவிட்டார் என்று கீட்ஸும் அவரோடு சேர்ந்துகொண்டார். முடிவில், நியூட்டன் நலமாக இருக்கட்டும், கணிதம் குழம்பிப் போகட்டும் என்று எல்லாரும் மதுக்கோப்பையை உயர்த்தியதாக ஹேடன் எழுதிவைத்திருக்கிறார். விருந்து மேசையில் பிறந்த வாதம்தான். ஆனாலும் கீட்ஸ் அதை அங்கேயே விட்டுவிடவில்லை. 1820இல் வெளிவந்த ‘லேமியா’ என்ற நெடுங்கவிதையில், வானவில்லின் இழைகளைப் பிரித்துப் போடுவதாக அறிவின் மீது அதே குற்றத்தைச் சாட்டினார்.

பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன என்பதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வோம். மழைத்துளிக்குள் நுழையும் ஒளி வளைந்து, பின்சுவரில் ஒருமுறை பட்டுத் திரும்பி, மீண்டும் வளைந்து வெளியேறுகிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும் ஜெர்மனியில் ஃப்ரைபர்கின் தியோடோரிக்கும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைப் பெரிய மழைத்துளியாகக் கொண்டு இதைக் கண்டுபிடித்தனர். அவ்வாறு வெளிவரும் ஒளி, சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 42 பாகைத் தொலைவில் செறிகிறது. அந்தக் கோணத்தில் இருக்கும் துளிகள் மட்டுமே உங்களுக்கு வில்லாகத் தெரிகின்றன. ஆகவே அருகில் நிற்பவர் காணும் வானவில் வேறு துளிகளிலிருந்து வருவது. கண்டிப்பாகச் சொன்னால், உங்கள் இடக்கண்ணின் வானவில்லும் வலக்கண்ணின் வானவில்லும்கூட ஒன்றல்ல. ஏரி நீரில் தெரியும் வில், மேலே நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வில்லின் பிம்பமே அன்று. அது வேறு துளிகள் தரும் வேறு வில். துளிக்குள் இருமுறை பட்டுத் திரும்பும் ஒளி சற்று வெளியே, நிறங்கள் தலைகீழான இரண்டாம் வில்லைத் தருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வானம் இருண்டிருப்பதை அஃப்ரோடிசியாஸ் ஊர் அலெக்சாண்டர் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருக்கிறார். உங்கள் மாணவர்களை அடுத்த மழையின்போது அந்த இருண்ட பட்டையைத் தேடச் சொல்லுங்கள். பல வானவில்களைப் பார்த்தும் அதைக் கவனிக்காதவர்களே மிகுதி.

குற்றம் சாட்டப்பட்ட நியூட்டனிடமும் ஒரு வேடிக்கை உண்டு. நிறமாலையில் அவர் முதலில் எண்ணியவை ஐந்து நிறங்கள்தாம். பின்னர் ஆரஞ்சையும் அவுரிநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். இசையின் எட்டு சுர அடுக்கில் உள்ள ஏழு இடைவெளிகளோடு நிறங்கள் பொருந்த வேண்டும் என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். பள்ளிப்பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்யும் ஏழு நிறங்கள், கவிதையைக் கொன்றதாகச் சொல்லப்பட்டவரின் இசைக்கற்பனையில் பிறந்தவை.

ஆயினும் உங்கள் குறையில் ஓர் உண்மை இருப்பதை மறைக்கக் கூடாது. டார்வின் தம் தன்வரலாற்றில், இளமையில் கவிதையிலும் இசையிலும் பெரும் இன்பம் கண்ட தாம் முதுமையில் அந்தச் சுவையை முற்றிலும் இழந்துவிட்டதாக வருந்துகிறார். உண்மைகளை அரைத்துப் பொதுவிதிகளை எடுக்கும் இயந்திரமாகத் தம் மனம் ஆகிவிட்டது என்றும், மீண்டும் வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது கவிதை படித்து இசை கேட்பேன் என்றும் எழுதுகிறார். அவரிடம் தேய்ந்தது பயன்படுத்தாத ஒரு திறன். மண்புழுவையும் கொடிகளையும் பார்த்த அவருடைய வியப்பு கடைசிவரை தேயவில்லை. உங்கள் வகுப்பில் கையைக் கட்டிப்போடுவது விளக்கம் அன்று, தேர்வுக்காக நான்கு வரியில் சுருங்கிய விளக்கம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்களைக் கண்டு மெய்சிலிர்த்திருந்தேன். அவற்றின் நிறங்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை என்று மகன் சொன்னதும் ஏமாந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அவை புகைப்படங்களா, ஓவியங்களா?

பதில்: மகன் சொன்னது சரி, நீங்கள் ஏமாறவில்லை என்பதும் சரி. இந்தத் தொலைநோக்கிகளின் கருவிகள், ஒவ்வொரு வடிகட்டியின் வழியாகவும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையே பதிவுசெய்கின்றன. அவற்றுக்கு நிறம் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக இணைப்பது மனிதர் வேலை.

1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த, ‘படைப்பின் தூண்கள்’ என்று பெயர்பெற்ற கழுகு நெபுலாவின் படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றின் ஒளி தனித்தனியே பதிவானது. கந்தகமும் ஹைட்ரஜனும் அங்கே உமிழும் ஒளி இரண்டுமே நம் கண்ணுக்குச் சிவப்பு. உள்ளபடியே காட்டினால் இரண்டும் ஒரே சிவப்பாகக் கலந்து, எந்த வாயு எங்கே இருக்கிறது என்ற செய்தி மறைந்துவிடும். அதனால் மூன்றில் அலைநீளம் மிகுந்த கந்தகத்துக்குச் சிவப்பும், அடுத்த ஹைட்ரஜனுக்குப் பச்சையும், குறைந்த ஆக்சிஜனுக்கு நீலமும் தரப்பட்டன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிலை இன்னும் விசித்திரமானது. அது ஏறக்குறைய 0.6 முதல் 28 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களைப் பார்க்கிறது. நம் கண்ணோ 0.75 மைக்ரோமீட்டருக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. கண் காணாத ஒளிக்கு ‘உண்மையான நிறம் எது’ என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கேயும் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்ற வரிசை காக்கப்படுகிறது. ஒரு பாடலை வேறு சுருதியில் பாடும்போது சுரங்களுக்கிடையிலான உறவு மாறாதிருப்பது போன்றது இது.

வரிசை அறிவியல், அதற்கு மேல் உள்ள பல முடிவுகள் கலை. மங்கலான விவரங்களை எவ்வளவு வெளிச்சப்படுத்துவது, எந்த இடத்தில் சட்டத்தை வெட்டுவது என்பவற்றையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்கிறார். விண்வெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. அந்தத் தூண்கள் நிமிர்ந்து நிற்பதும் ஒரு தேர்வுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப்பகுதியின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் தீட்டிய ஓவியங்களின் சாயல் ஹபிள் படங்களில் இருப்பதைக் கலை வரலாற்றாய்வு சுட்டிக்காட்டியிருக்கிறது. பார்ப்பவருக்கு அச்சமும் பெருமிதமும் ஒருங்கே எழ வேண்டும் என்ற மரபு, இயற்கைக் காட்சி ஓவியத்திலிருந்து விண்வெளிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 2022இல் வெப் அதே தூண்களை எடுத்தபோது, அகச்சிவப்பு ஒளி தூசியை ஊடுருவுவதால் தூண்கள் ஏறக்குறைய கண்ணாடித்தன்மை பெற்று, உள்ளே பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் தெரிந்தன. இரண்டு படங்களில் எது உண்மை என்று கேட்பதைவிட, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

ஏமாற்றம் கொள்ள வேண்டிய இடம் வேறு. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற குறிப்போடுதான் ஆய்வு நிறுவனங்கள் படங்களை வெளியிடுகின்றன. அவை கைமாறிக் கைமாறி நம்மிடம் வரும்போது குறிப்பு உதிர்ந்துபோகிறது. ஓவியர் கற்பனையில் வரைந்த தொலைதூரக் கோள்களும் இப்படித்தான் புகைப்படங்களாக உலவுகின்றன.

கேள்வி: ஓர் அறிவியலாளருக்கு ஓவியம் தெரிந்திருப்பது வெறும் பொழுதுபோக்குத்தானா, அது கண்டுபிடிப்புக்கே உதவியதுண்டா?

பதில்: உதவியதுண்டு. ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் 1609 ஜூலையில், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே, தொலைநோக்கியால் நிலவைப் பார்த்து வரைந்தார். அவர் படத்தில் ஒளிப்பகுதிக்கும் இருட்பகுதிக்கும் இடையே ஒரு கரடுமுரடான கோடும் சில திட்டுகளும் மட்டுமே உள்ளன. அந்த ஆண்டின் இறுதியில் கலிலியோ பார்த்தபோது, இருண்ட பகுதிக்குள் தனித்தனியாக ஒளிரும் புள்ளிகள் இருப்பதையும், சூரியன் நிலவில் ஏற ஏற அவை பெருகி ஒளிப்பகுதியோடு சேர்வதையும் கண்டார். மலைச் சிகரங்களில் முதல் வெயில் விழுகிறது என்று உணர்ந்தார். புள்ளி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதைக் கொண்டு மலையின் உயரத்தையும் கணக்கிட்டு, 1610 மார்ச்சில் நூலாக வெளியிட்டார். கலிலியோவின் கருவி ஏறக்குறைய இருபது மடங்கு பெருக்கியது. ஹாரியட்டினுடையது ஆறு மடங்குதான். அந்த வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கலிலியோ, உருண்ட பொருள்களின் மீது ஒளியும் நிழலும் விழும் முறையை ஓவியர்கள் பாடமாகவே பயின்ற ஃப்ளாரன்ஸ் நகரின் சூழலில் வளர்ந்தவர். 1613இல் அந்நகரின் ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவருடைய நூல் வந்த பிறகு ஹாரியட் 1610இல் வரைந்த நிலவில் பள்ளங்கள் தெளிவாக இடம்பெற்றன. கலிலியோவின் நண்பரான ஓவியர் சிகோலி, ரோம் நகரின் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயக் கூரையில், மாதாவின் காலடியில் பள்ளம் மேடு நிறைந்த இந்தப் புதிய நிலவையே தீட்டிவிட்டார்.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. இத்தாலியரான கோல்ஜி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்புத்திசுவைக் கறுப்பாக்கும் சாயமுறையை 1873இல் கண்டுபிடித்தார். நரம்புகள் யாவும் இடைவெளியின்றிப் பின்னிய ஒரே வலை என்பது அவர் முடிவு. ஓவியராக விரும்பி, மருத்துவரான தந்தையின் வற்புறுத்தலால் மருத்துவத்துக்கு வந்த ஸ்பானியர் ரமோன் இ கஹால், அதே சாயமுறையில் அதே வகைத் திசுக்களைப் பார்த்து, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தது, தொடுவது போல நெருங்குகிறதே தவிர இணைவதில்லை என்றார். ஆயிரக்கணக்கான படங்களை வரைந்தார். பலவற்றை, பல மணிநேரம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பின்னர் நினைவிலிருந்து வரைந்தார். பல கண்ணாடித் தகடுகளில் கண்டவை ஒரே படத்தில் சேர்ந்திருக்கும். இது ஏமாற்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும்போதே எந்த இழை எங்கே முடிகிறது என்று அவர் தம்மைத்தாமே கேட்டாக வேண்டியிருந்தது. அந்தக் கேள்விதான் கண்டுபிடிப்பு. 1906இல் நோபெல் பரிசு இருவருக்கும் சேர்த்துத் தரப்பட்டது. அந்த மேடையிலும் கோல்ஜி தம் உரையில் கஹாலின் கொள்கையை மறுத்தார். 1950களில் மின்னணு நுண்ணோக்கி, நரம்பணுக்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் கண்முன் காட்டி வழக்கை முடித்துவைத்தது.

கேள்வி: பொன்விகிதம் (ஏறக்குறைய 1.618) தான் இயற்கையிலும் கலையிலும் உள்ள அழகுக்கெல்லாம் அடிப்படை என்கிறார்களே?

பதில்: பெரும்பகுதி மிகை. நாட்டிலஸ் என்ற கடல்வாழ் உயிரியின் ஓட்டை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பொன்விகிதச் சுருள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் ஓடு விரிவது மூன்று மடங்கு அளவில்தான். பார்த்தினான் கோயிலை அதைக் கொண்டு கட்டியதாகச் சொல்ல ஆவணம் எதுவும் இல்லை. ஒரு கட்டடத்தின் மீது போதுமான செவ்வகங்களை வரைந்தால் விரும்பிய விகிதம் எங்கேயாவது கிடைத்தே தீரும்.

சூரியகாந்தியின் கதை மட்டும் உண்மை. அதன் விதைச்சுருள்களை எண்ணினால் 34, 55, 89 போன்ற எண்கள் அடுத்தடுத்த இணையாக வருகின்றன, அவற்றுள் அடுத்தடுத்த இரண்டின் விகிதம் பொன்விகிதத்தை நெருங்குவது; அடுத்தடுத்துத் தோன்றும் மொட்டுகளுக்கிடையே ஏறக்குறைய 137.5 பாகைக் கோணம் இருப்பதே காரணம். செடிக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. புதிய மொட்டு ஒவ்வொன்றும் முந்தியவற்றிடமிருந்து விலகி, இடம் மிகுந்த பக்கத்தில் முளைத்தால் போதும். டுவாடி, கூடே என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 1992இல், ஒன்றையொன்று விலக்கும் காந்தத் திரவத் துளிகளைச் சொட்டவிட்டு, உயிரே இல்லாத தட்டில் அதே சுருள்களை உண்டாக்கிக் காட்டினார்கள்.

கேள்வி: அழகாக இருக்கும் கோட்பாடு உண்மையாகவும் இருக்கும் என்று சில அறிவியலாளர்கள் நம்புகிறார்கள். நம்பலாமா?

பதில்: கெப்ளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அன்று அறிந்த கோள்கள் ஆறு. எல்லா முகங்களும் ஒத்த ஒழுங்குத் திண்மங்கள் ஐந்து. ஆறு கோள்களின் பாதைகளுக்கிடையே உள்ள ஐந்து இடைவெளிகளில் அந்த ஐந்து திண்மங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்துகின்றன என்று 1596இல் அவர் நூல் எழுதினார். அதைவிட அழகான கோட்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம், அது தவறு. பின்னர் டைக்கோ பிராகே விட்டுச்சென்ற செவ்வாய்க் கோளின் அளவீடுகளோடு போராடியபோது, வட்டங்களால் ஆன அவருடைய மாதிரி வெறும் எட்டுக் கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அளவுக்குப் பிசகியது. முழுநிலவின் அகலத்தில் கால்பங்கு அது. வேறொருவர் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார். டைக்கோவின் அளவீட்டில் அத்தனை பெரிய பிழை இருக்க முடியாது என்று கெப்ளர் வட்டத்தையே கைவிட்டார். 1609இல் நீள்வட்டம் வந்தது.

இதோடு நிறுத்தினால், அழகை நம்பாதே, அளவீட்டை நம்பு என்ற எளிய பாடம் கிடைத்துவிடும். ஆனால் கெப்ளர் அழகைக் கைவிடவே இல்லை. கோள்களின் வேகங்களில் இசைச் சுரங்களைத் தேடி அவர் 1619இல் வெளியிட்ட நூலில்தான், கோளின் ஆண்டுக்காலத்தின் இருபடி அதன் தொலைவின் முப்படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்ற மூன்றாம் விதி இருக்கிறது. அந்தச் சுரங்களை இன்று யாரும் அறிவியலாகக் கொள்வதில்லை, விதி நிற்கிறது. அழகு அவரைத் தேட வைத்தது. எது கிடைத்தது என்பதை அழகிடம் கேட்காமல் எண்களிடம் கேட்டது அவருடைய நேர்மை.

கேள்வி: அறிவியலை அறியாத கலைஞர்கள் அறிவியலுக்கு முந்திச் சென்றதுண்டா?

பதில்: மிருதங்கத்தை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. வட்டமான தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள், அடிப்படை அதிர்வைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்று வருகின்றன. நரம்புக் கருவியில் வருவதுபோல 2, 3, 4 என்று முழுமடங்குகளாக அவை அமைவதில்லை. எனவே சாதாரணப் பறையின் ஒலியில் தாளம் இருக்கும், தெளிவான சுரம் இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலையும் தபலாவும் சுரத்தோடு ஒலிப்பதன் காரணத்தைச் சர் சி. வி. ராமன் ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்; 1934இல் விரிவாக ஆராய்ந்தார். நடுவே பூசப்படும் கரிய வட்டத்தின் எடை தோலின் அதிர்வுகளை மாற்றி அமைக்கிறது. ஒன்பது அதிர்வு முறைகள் ஒன்றோடொன்று இணைந்து, ஐந்தே முழுமடங்குச் சுரங்களாகத் திரண்டுவிடுகின்றன.

பசையோடு குழைத்த பொடியை மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்குக்கும் பிறகு தட்டிக் கேட்டுக் கேட்டு இதைச் செய்த கைவினைஞர்கள், அதிர்வுச் சமன்பாட்டை எழுதவில்லை. நம் முன்னோருக்கு எல்லா அறிவியலும் தெரியும் என்று முழங்க இதைப் பயன்படுத்துவோர் உண்டு. அது அவர்கள் உண்மையில் செய்த வேலையை மறைத்துவிடுகிறது. அவர்கள் செய்தது காதையே கருவியாகக் கொண்டு, தலைமுறைகள்தோறும் நீண்ட சோதனை. ராமன் செய்தது வேறு வேலை: ஏன் என்று கேட்டு, அந்த ஒழுங்கின் காரணத்தைச் சொன்னார். இரண்டில் ஒன்று மற்றொன்றின் முன்வடிவம் அன்று.

டச்சு ஓவியர் எஷரையும் சொல்ல வேண்டும். கணிதக் கட்டுரைகளின் உரைப்பகுதி தமக்குப் புரிவதில்லை என்று ஒப்புக்கொண்டவர் அவர். கணிதவியலாளர் காக்ஸ்டர் அனுப்பிய ஒரு கட்டுரையில் இருந்த படத்தை மட்டும் அளவுகோலாலும் வட்டமானியாலும் ஆராய்ந்து, வட்டத்தின் விளிம்பை நெருங்க நெருங்க முடிவின்றிச் சிறுத்துக்கொண்டே போகும் உருவங்களின் வரிசையை 1958இல் தொடங்கிச் செதுக்கினார். அவற்றுள் மூன்றாவதான, வெண்ணிற வளைவுகளில் மீன்கள் நீந்தும் 1959ஆம் ஆண்டுப் படத்தை காக்ஸ்டர் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தார். அந்த வளைவுகள் விளிம்பை ஏறக்குறைய 80 பாகையில் வெட்ட வேண்டும் என்று கணிதம் சொன்னது. எஷரின் கை அவ்வாறே வெட்டியிருந்தது. இந்த ஆய்வு 1979இல் வெளிவந்தபோது எஷர் உயிரோடு இல்லை.

கேள்வி: அண்டம் இத்தனை பெரிது, நாம் இத்தனை சிறியோர் என்று அறிவியல் காட்டுகிறது. அதிலிருந்து வியப்பு வரலாம். வாழ்க்கைக்குப் பொருள் வருமா?

பதில்: தொலைநோக்கியில் பொருள் தெரியாது, அதைக் கேட்டு அதன் முன் நிற்பது நியாயமும் இல்லை. ஆனால் அளவில் சிறியோர் என்பதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. சுழலும் கருந்துளை ஒன்றைச் சுற்றியுள்ள வெளி எப்படி இருக்கும் என்பதற்கு, நியூசிலாந்துக் கணிதவியலாளர் ராய் கெர் 1963இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து ஒரு தீர்வைக் கண்டார். வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1975இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரின் படைப்பாற்றலை ஒப்பிட்டு ஆற்றிய உரையில், தம் நாற்பத்தைந்து ஆண்டு அறிவியல் வாழ்வில் தம்மை மிக உலுக்கிய அனுபவம் அந்தத் தீர்வே என்றார். கணிதத்தில் அழகைத் தேடிய ஒரு மனம் கண்டடைந்த வடிவம், அண்டத்தில் எண்ணற்று இருக்கும் கருந்துளைகளை அப்படியே குறிப்பதாக இருக்கிறதே என்பதுதான் அவருடைய திகைப்பு. தாம் கண்டதல்ல, வேறொருவர் கண்டது அவரை அப்படி உலுக்கியது என்பதைக் கவனியுங்கள். இதைப் படித்து உங்களுக்கும் ஏதாவது அசைந்தால், உங்கள் கேள்விக்கு என்னால் தர முடிந்த பதில் அவ்வளவுதான்.

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். கணிதமும் ஓவியமும் முறையாகப் படித்ததில்லை. இந்த வயதில் வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு இதில் என்ன இடம்?

பதில்: இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித்தும் அச்சுத்துறை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், வடிவங்களோடு விளையாடுவது அவர் பொழுதுபோக்கு. தரையை இடைவெளியின்றி நிரப்ப வேண்டும், ஆனால் கோலம் ஒருபோதும் சீராகத் திரும்பத் திரும்ப வரக் கூடாது. அப்படிப்பட்ட ஓடுகள் உண்டா என்ற கேள்விக்கு 1966இல் ராபர்ட் பெர்கர் 20,426 வகை ஓடுகளைக் கொண்டு விடை தந்தார். 1970களில் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டாகக் குறைத்தார். ஒரே ஓட்டால் முடியுமா என்பது ஐம்பது ஆண்டுகளாகத் தீராமல் இருந்தது. 2022 நவம்பரில் ஸ்மித், கணினியில் விளையாடிக்கொண்டிருந்தபோது தொப்பி போன்ற ஒரு பதின்மூன்று பக்க வடிவத்தில் ஏதோ விசித்திரம் இருப்பதாக உணர்ந்தார். அட்டையில் பல படிகள் வெட்டிக் கையால் அடுக்கிப் பார்த்தார். பின்னர் கணினி அறிவியலாளர் ஒருவருக்கு எழுதினார். நிறுவுவதற்கு மூன்று வல்லுநர்கள் தேவைப்பட்டார்கள். 2023 மார்ச்சில் நால்வர் பெயரிலும் முடிவு வெளிவந்தது. கோலத்தில் சில தொப்பிகள் கண்ணாடிப் பிம்பமாகப் புரண்டு கிடப்பதால், உண்மையில் இது ஒரே ஓடுதானா என்று சிலர் முணுமுணுத்தனர். புரட்டவே தேவையில்லாத வேறொரு வடிவத்தை அதே குழு மே மாதத்தில் தந்துவிட்டது.

நீங்களும் அந்தத் தொப்பியை அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, ஐம்பது அறுபது படிகள் வெட்டிக்கொள்ளலாம். அட்டையின் பின்பக்கத்துக்கு மட்டும் வேறு நிறம் பூசுங்கள். கோலம் விரிய விரிய, புரண்டு கிடக்கும் ஒரு தொப்பிக்குப் புரளாதவை ஏறக்குறைய 6.85 என்ற கணக்கை நெருங்கும். பொன்விகிதத்தின் நான்காம் அடுக்கு அது. அங்கே அதை யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை.